பொம்மைப் படைகளும் கற்பனைக் கோட்டைகளும்

அரிய பொருள்களைத் தேடிச் சேர்த்துப் போற்றுவது மனிதரின் பழைய இயல்புகளுள் ஒன்று. நாணயம் சேர்ப்போர் உளர். தபால்தலை சேர்ப்போர் உளர். ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராய் நடந்த பெருமக்களையும் தமிழகம் நன்கறியும். ஆயின், தலை நரைத்த பெரியவர்கள் விரல் நீளமே உள்ள பொம்மைப் போர்வீரர்களையும், தகரத்தால் ஆன விளையாட்டுக் கோட்டைகளையும், பிளாஸ்டிக்கில் வார்த்த பறவைநாகங்களையும் தேடி அலைகின்றனர் என்றால் நம்மில் பலர் நகைக்கக்கூடும். “குழந்தைகள் விளையாடித் தூக்கி எறிந்தவற்றைப் பெரியவர்கள் பொறுக்கிச் சேர்ப்பதா?” என்று கேட்கவும் கூடும்.

கேள்வி நியாயமானதே. ஆனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இச்சேகரிப்பு வெறும் சிறுபிள்ளைத்தனமாகக் கருதப்படுவதில்லை. அதற்கெனக் கண்காட்சிகளும் ஏலங்களும் நடைபெறுகின்றன. ‘பிளாஸ்டிக் வாரியர்’, ‘பிளேசெட் மேகஸின்’ என்னும் பெயர்களில் தனி இதழ்களும் வெளிவந்துள்ளன. சேகரிப்போருள்ளும் ஒரு சாரார், மெய்யான போர்களின் சிப்பாய்களை விடுத்து, கதையிலும் கற்பனையிலும் மட்டுமே வாழ்ந்த மாவீரர், மந்திரவாதி, பூதம், விண்வெளி மனிதர் ஆகியோரின் உருவங்களையே நாடுகின்றனர். அவர்கள் தேடுவது பொம்மையையா, அப்பொம்மைக்குள் ஒரு காலத்தில் குடியிருந்த வேறொன்றையா? இதனைச் சற்றே ஆராய்ந்து பார்த்தால், பிள்ளைகளை வளர்க்கும் நம் இல்லங்களுக்கும் பயனுள்ள ஓர் உண்மை கிட்டும் என்பது நம் துணிபு.

மலிந்த பொருள் அரிய பொருளான கதை

பொன்னும் மணியும் இயற்கையிலேயே அரியவை. பொம்மை வீரரோ அவ்வாறல்லர். அவர் ஆயிரமாயிரமாய், மலிந்த விலையில், சிறுவரின் கைச்செலவுக் காசுக்கு விற்கப்பட்டவர். அவரை அரியவராக்கியது விளையாட்டே. மண்ணில் புதைத்தனர், மாடியிலிருந்து எறிந்தனர், தீயில் வாட்டிப் பார்த்தனர். ஈட்டி ஒடிந்தது, குதிரையின் கால் முறிந்தது, மந்திரவாதியின் கோல் காணாமற்போயிற்று. எஞ்சியவற்றை வீடு மாற்றுகையில் குப்பையோடு சேர்த்துக் கொட்டினர். அட்டைப் பெட்டியோ வாங்கிய அன்றே கிழிந்தது. ஆகவேதான் ஒடியாத வாளும் கிழியாத பெட்டியும் இன்று அருமையாயின.

இதன் தொடக்கத்தை அறிய ஜெர்மனி நாட்டு நூரம்பெர்க் நகருக்குச் செல்லவேண்டும். 18ஆம் நூற்றாண்டில் அந்நகரத்துக் கைவினைஞர்கள் வெள்ளீயத்தை உருக்கி, இலைபோல் தட்டையான சிப்பாய்களை வார்த்து வண்ணம் தீட்டி விற்றனர். இந்த வீரர்கள் விரைவிலேயே கதைகளுக்குள்ளும் புகுந்தனர். 1816இல் ஜெர்மானிய எழுத்தாளர் ஹாஃப்மன் எழுதிய கதையொன்றில், கொட்டையுடைக்கும் பொம்மை ஒன்று பொம்மைப் படையைத் திரட்டிக்கொண்டு எலிகளின் அரசனோடு போரிடுகின்றது. 1838இல் டென்மார்க்கு நாட்டு ஆண்டர்சன், ஒரே காலுடைய வெள்ளீயச் சிப்பாய் ஒருவனைத் தம் கதையின் தலைவனாக்கினார். பழைய கரண்டியை உருக்கிச் செய்த இருபத்தைந்து வீரருள் அவன் கடைசியானவன். உலோகம் போதாமையால் ஒரு கால் இல்லாமற்போனது. குறையுள்ள பொம்மையையே குழந்தையின் மனம் மிகுதியாய் நேசிக்கும் என்பதை ஆண்டர்சன் அறிந்திருந்தார் போலும்!

1893இல் இலண்டனைச் சேர்ந்த வில்லியம் பிரிட்டன் என்பவர் புதுமுறை ஒன்றைக் கையாண்டார். உருகிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, அச்சின் சுவரை ஒட்டிய பகுதி மட்டும் உறைந்தவுடன் எஞ்சியதை வெளியே சாய்த்துவிடுவது அம்முறை. உள்ளே வெறுமையான வீரன் கிடைப்பான். உலோகம் மிச்சம், எடை குறைவு, விலையும் குறைவு. எட்டுக் காலாட்கள் அடங்கிய பெட்டி ஒரு ஷில்லிங்கிற்கு விற்பனையாயிற்று. அதுகாறும் சந்தையை ஆண்ட ஜெர்மானியருக்கு இது பேரிடியாயிற்று. பிரிட்டன் நிறுவனத்தார் கொண்ட 54 மில்லிமீட்டர் உயரமே பின்னர் உலகெங்கும் பொம்மை வீரர்க்குரிய பொது அளவாகப் பரவியது.

பன்னிரண்டு மரவீரர்கள்

பொம்மை வீரனைக் கற்பனை உலகின் குடிமகனாக்கியவர் தொழிற்சாலையார் அல்லர், குழந்தைகளே. இதற்குச் சான்று, இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் ஹாவொர்த் என்னும் சிற்றூர்க் குருமனையில் நிகழ்ந்தது.

அங்கே பேட்ரிக் பிராண்டி என்னும் ஆங்கிலிக்கன் குருவானவர், தாயை இழந்த தம் பிள்ளைகளுடன் வாழ்ந்து வந்தார். 1826 ஜூன் மாதத்தில் லீட்ஸ் நகருக்குச் சென்று திரும்பிய அவர், மகன் பிரான்வெலுக்கென்று பன்னிரண்டு மரவீரர்கள் அடங்கிய பெட்டியொன்றை வாங்கிவந்தார். மறுநாள் காலையில் சிறுவன் அதனைத் தமக்கை தங்கையரிடம் காட்டவும், ஆளுக்கொரு வீரனைத் தமக்கெனப் பற்றிக்கொண்டனர். பத்து வயதுச் சார்லட் தன் வீரனுக்கு வெல்லிங்டன் கோமகனின் பெயரைச் சூட்டினாள். பிரான்வெல் தன்னுடையவனுக்குப் போனபார்ட் எனப் பெயரிட்டான். எமிலியும் ஆனும் தத்தமக்குப் பிடித்த பெயர்களைச் சூட்டினர்.

அதன்பின் நிகழ்ந்ததே வியப்பு. அப்பன்னிருவரும் கடல் கடந்து ஆப்பிரிக்காவுக்குச் சென்றனர் என்று பிள்ளைகள் கதை கட்டினர். அங்கே கண்ணாடி நகரம் ஒன்று எழுந்தது. பின்னர் அங்கிரியா என்னும் அரசு தோன்றியது. அந்நாட்டுக்கு வரைபடம் எழுதினர், அரசர்களை உண்டாக்கினர், போர்களையும் சட்டங்களையும் வகுத்தனர். அவ்வீரர்கள் படிப்பதற்கென்றே தீப்பெட்டி அளவில் குட்டிப் புத்தகங்களைத் தைத்து, கூர்ந்து நோக்கினாலன்றிப் புலப்படாத எழுத்தில் எழுதி நிரப்பினர். அந்தச் சிறுமியரே வளர்ந்து, 1847ஆம் ஆண்டில் ‘ஜேன் அயர்’, ‘உதரிங் ஹைட்ஸ்’, ‘ஆக்னஸ் கிரே’ என்னும் நாவல்களை உலகுக்கு அளித்தனர்.

அம்மரவீரர்கள் காலப்போக்கில் ஒடிந்தும் தொலைந்தும் மறைந்தனர். அவர்களுக்காக எழுதப்பட்ட குட்டிப் புத்தகங்களுள் ஒன்று 2019 நவம்பரில் பாரிஸ் நகரில் ஏலத்துக்கு வந்தபோது, ஹாவொர்த் இல்லத்தைப் பராமரிக்கும் பிராண்டி சங்கத்தார் 6,00,000 யூரோ ஏலத்தொகைக்கு அதனை மீட்டுத் தாயகம் சேர்த்தனர். ஒரு பெட்டி மரப்பொம்மையின் விலை எங்கே, இத்தொகை எங்கே! பொம்மை அழிந்தும் அது எழுப்பிய உலகம் அழியவில்லை என்பதை இதனினும் தெளிவாய் எடுத்துக்காட்ட இயலுமா?

தரையில் எழுந்த தீவுகள்

பிள்ளைகளின் இந்த உலகைப் பெரியவர் ஒருவர் மதித்து எழுதியது 1911இல். ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ், தம் இரு புதல்வருடன் வீட்டுத் தரையில் ஆடிய ஆட்டங்களை ‘ஃபுளோர் கேம்ஸ்’ என்னும் நூலில் விவரித்தார். பலகைகளும் மரக்கட்டைகளும் ஈய வீரர்களும் சேர்ந்து தரையையே கடலாகவும், பலகைகளை அதிசயத் தீவுகளாகவும் மாற்றுவது அவ்வாட்டங்களுள் ஒன்று. 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூலில் பொம்மைப் போருக்கான விதிகளை வகுத்தார். மெய்யான போரின் மடமையை உணர்வதற்கு இச்சிறு போரே போதும் என்னும் கருத்தினையும் அந்நூலில் பதித்தார். மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. பொம்மையோடு நில்லாத மனிதரின் பேராசையை என்னென்பது!

பொம்மை வீரன் எப்போதும் குற்றமற்றவனாகவே இருந்தான் என்றும் நாம் சொல்லிவிட முடியாது. ஜெர்மனியில் 1904இல் தொடங்கப்பட்ட ஹவுசர் நிறுவனம், மரத்தூளையும் பசையையும் பிசைந்து, கம்பிச் சட்டத்தின்மேல் பதித்து அச்சில் அழுத்தி, ‘எலாஸ்டொலின்’ என்னும் பெயரில் உருவங்களைச் செய்தது. கூழும் சாந்தும் கொண்டு சுரூபம் செய்வதை அறிந்தோர்க்கு இம்முறை எளிதில் விளங்கும். நாத்சிகளின் ஆட்சியில், 1930களில், அந்த அச்சுகளிலிருந்தே ஹிட்லரும் அவன் தளபதிகளும் பொம்மைகளாக வெளிவந்து பிள்ளைகளின் கைகளில் அமர்ந்தனர். கொடுங்கோலன் பள்ளிக்கூடத்தை மட்டுமன்று, பொம்மைப் பெட்டியையும் கைப்பற்றுகின்றான் என்பதற்கு இது வரலாறு தரும் சான்று. போர் முடிந்தபின் அதே நிறுவனம் நார்மானிய வீரர்களையும், ரோமானியரையும், கோட்டை முற்றுகைக்குரிய கல்லெறி பொறிகளையும், ஆர்தர் மன்னர் காலத்துக் கதைத்தலைவனான பிரின்ஸ் வேலியண்டையும் வார்த்தது. இத்தலைவன் 1937 முதல் அமெரிக்க நாளேடுகளில் ஹால் ஃபாஸ்டர் வரைந்த சித்திரக் கதையில் பிறந்தவன். ஹவுசர் நிறுவனம் 1983இல் வீழ்ந்தது. அதன் அச்சுகள் பிரைசர் என்னும் மற்றொரு ஜெர்மானிய நிறுவனத்தின் கைக்குச் சென்றன. அந்நிறுவனம் வார்த்த நார்மானியரும் முற்றுகைப் பொறிகளும் சேகரிப்போரால் இன்றும் விரும்பித் தேடப்படுகின்றன.

கோட்டையோடு வந்த பெட்டி

வீரர்கள், கோட்டை, பாலம், மரம், விலங்கு ஆகிய எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கிய தொகுதியை மேல்நாட்டார் ‘பிளேசெட்’ என்பர். விளையாட்டுத் தொகுதி என நாம் சொல்லலாம். இதனை அமெரிக்காவின் வீடுதோறும் கொண்டுசேர்த்தவர் லூயி மார்க்ஸ் என்பவர். 1896இல் புரூக்ளினில் பிறந்த இவர், 1919இல் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். 1955 டிசம்பரில் ‘டைம்’ வார இதழ் இவர் படத்தைத் தன் அட்டையில் வெளியிட்டது. பொம்மை உலகின் அரசர் எனப் பெயர்பெற்றிருந்தார்.

மார்க்ஸ் தொகுதியின் அமைப்பு எளியது. கோட்டைச் சுவர்கள் வண்ணம் அச்சிட்ட தகரத் தகடுகள். அவற்றின் நாக்குகளைத் துளைகளில் செருகி மடித்தால் கோட்டை எழும். வீரர்களோ பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டவர்கள். தகரம் வெட்டுவதும் பிளாஸ்டிக் வார்ப்பதும் மலிவு. ஒருமுறை செய்த அச்சு பல தொகுதிகளுக்குப் பயன்படும். இன்று ஒரு கோட்டையில் நிற்கும் வீரன் நாளை வேறு பெயருடைய கோட்டையில் நிற்பான். எனவே சியர்ஸ் முதலிய பெருங்கடைகளின் விலைப்பட்டியல் வழியாக, நடுத்தரக் குடும்பங்களும் கிறிஸ்து பிறப்பு விழாப் பரிசாக இவற்றை வாங்க முடிந்தது. ராபின் ஹூடின் கோட்டை வந்தது. பிரின்ஸ் வேலியண்டின் கோட்டையும் வந்தது. தொலைக்காட்சி பரவிய 1950களில் டாம் கார்பெட்டின் விண்வெளிக் கழகமும், ரெக்ஸ் மார்ஸ் என்னும் வீரனின் விண்வெளித் தளமும் பெட்டிகளாக வந்தன. நிலவில் மனிதன் கால்பதித்தது 1969இல். அமெரிக்கச் சிறுவர்களின் கூடத்திலோ அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே விண்கலங்கள் இறங்கிவிட்டன!

மார்க்ஸ் தம் நிறுவனத்தை 1972இல் விற்றார். கைமாறிய நிறுவனம் 1980ஐ ஒட்டி மூடப்பட்டது. அவர் 1982இல் காலமானார். அச்சுகள் பலரிடம் சிதறின.

பையில் வந்த பூதங்கள்

கற்பனை உருவங்களைச் சேர்ப்போர் மிகவும் போற்றும் வரலாறு ஒன்று உண்டு. அது விலையுயர்ந்த கோட்டையைப் பற்றியதன்று. சில்லறைக் கடையில் தொங்கிய ஒரு பிளாஸ்டிக் பையைப் பற்றியது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் கேரி கைகாக்ஸ் என்பவர் வாழ்ந்தார். காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றி வந்த அவர், 1970இல் வேலையிழந்து, செருப்புத் தைத்துப் பழுதுபார்த்துக் குடும்பத்தைக் காத்தார். அவர் வீட்டின் நிலவறையில் மணல் பரப்பிய மேசையொன்று இருந்தது. அதன்மேல் நண்பர்கள் பொம்மைப் படைகளை நிறுத்திப் போராடுவர். 1971இல் ஜெஃப் பெரன் என்பாருடன் இணைந்து இடைக்காலப் போருக்கான ‘செயின்மெயில்’ என்னும் விதிநூலை வெளியிட்டார். அதன் பின்னிணைப்பில் மந்திரவாதிகளும் குள்ளரும் பறவைநாகங்களும் இடம்பெற்றனர். கத்தோலிக்கரான பேராசிரியர் டோல்கீன் 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ அக்காலத்து இளைஞரின் மனத்தை எவ்வளவு பற்றியிருந்தது என்பதற்கு இஃதும் ஓர் அடையாளம்.

விதிகள் கிடைத்தன, வேண்டிய உருவங்கள் கடைகளில் கிடைக்கவில்லை. ஆகவே கைகாக்ஸ் ஸ்டெகோசாரஸ் என்னும் தொல்விலங்கின் பிளாஸ்டிக் பொம்மையை வெட்டி ஒட்டி, பறவைநாகமாக மாற்றிக்கொண்டார். பின்னர் ஒரு மலிவுக் கடையில், ‘வரலாற்றுக்கு முந்திய விலங்குகள்’ என்னும் பெயரில் ஹாங்காங்கிலிருந்து வந்த பிளாஸ்டிக் பொம்மைப் பையொன்று அவர் கண்ணில் பட்டது. உள்ளே இருந்தவற்றுள் சில எந்த வரலாற்றிலும் வாழ்ந்தவை அல்ல. ஒன்றுக்கு நீண்ட உணர்கொம்புகளும் விசிறி போன்ற வாலும். மற்றொன்று வளைந்த முதுகோடு கூடிய வினோதம். இன்னொன்று பறவையும் விலங்கும் கலந்த ஒன்று. பெயரற்ற இவற்றுக்கு அவரும் நண்பரும் பெயரிட்டனர், குணங்களும் கொடுத்தனர். இரும்பைத் தின்னும் துருப்பூதம் ஆயிற்று ஒன்று. மண்ணைப் பிளந்து பாயும் நிலச்சுறா ஆயிற்று மற்றொன்று. ஆந்தைக்கரடி ஆயிற்று இன்னொன்று.

1974இல் கைகாக்ஸும் மின்னசோட்டா மாநிலத்து டேவ் ஆர்னசனும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். முதற்பதிப்பு 1,000 பெட்டிகளே. துருப்பூதமும் ஆந்தைக்கரடியும் 1975இல் அதன் இணைப்பு நூலொன்றில் அச்சேறின. நிலச்சுறா 1976இல் ‘தி டிராகன்’ இதழில் வந்தது. இன்று உலகெங்கும் ஆடப்படும் அவ்வாட்டத்தில் அம்மூன்றும் இன்னும் உலவுகின்றன. நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரிலுள்ள விளையாட்டு அருங்காட்சியகம், 2014இல் சாதாரணப் பச்சை நிறப் பிளாஸ்டிக் சிப்பாய்களையும், 2016இல் இந்த ஆட்டத்தையும் தன் பெருமைக்குரிய பொம்மைகளின் வரிசையில் சேர்த்தது.

அந்த ஹாங்காங் பொம்மைகளில் செய்தவர் பெயர் பொறிக்கப்படவில்லை. செய்த ஊரின் பெயர் மட்டுமே. தாம் வார்த்த சிற்றுரு கடல் கடந்து சென்று ஒரு தலைமுறையின் கனவில் புகும் என்று அத்தொழிலாளி எண்ணியிருப்பாரா? இன்று சேகரிப்போர் அப்பைகளைத் தேடி, எந்தப் பொம்மை எந்தப் பூதமாயிற்று என்று ஒப்பிட்டுக் குறித்து வைக்கின்றனர். இத்தகைய தேடலை வீண்வேலை எனத் தள்ள நமக்கு மனம் வரவில்லை.

ஆட்டம் புகழ்பெற்றபின் நிறுவனங்கள் முந்திக்கொண்டு கற்பனைத் தொகுதிகளை வெளியிட்டன. 1980களின் தொடக்கத்தில் ‘டிராகன்ரைடர்ஸ் ஆஃப் தி ஸ்டிக்ஸ்’ என்னும் வரிசை வந்தது. 1982இல் மாட்டெல் நிறுவனத்தின் கிரேஸ்கல் கோட்டை வந்தது. 1983 முதல் எல்.ஜே.என். நிறுவனம் அந்த ஆட்டத்தின் பெயராலேயே வீரரையும் பூதங்களையும், பின்னர்க் கோரைப்பற்கள் கொண்ட கோட்டையொன்றையும் விற்றது. அன்று அவற்றோடு ஆடிய சிறுவரே இன்று ஐம்பதைக் கடந்து, அவற்றைத் தேடும் சேகரிப்பாளராய் இருக்கின்றனர்.

சேகரிப்போர் அறிந்திருக்கவேண்டியவை

இத்துறையில் இறங்குவோர்க்குப் பொறுமையும் கல்வியும் தேவை. முதலாவது, பழைய அச்சு அழியாமல் இருக்கும்வரை புதிய வார்ப்பு எழும். மார்க்ஸ் அச்சுகள் சிலவற்றிலிருந்து 1990களில் மறுவார்ப்புகள் வந்தன. வடிவம் ஒன்றே; நிறமும் பிளாஸ்டிக்கின் தன்மையும் வேறு. மறுவார்ப்பு குற்றமன்று; அதனைப் பழையது என்று சொல்லி விற்பதே குற்றம். இரண்டாவது, தொகுதி முழுமையானதா என்று பார்க்கவேண்டும். வேறு பெட்டியின் வீரரை இட்டு நிரப்பிய கோட்டைகள் பல.

மூன்றாவது, பேணும் முறை. பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் வெயில் பட்டால் முறுகி, தொட்டவுடன் ஒடியும். மென்மையான பி.வி.சி. பொம்மை நாளடைவில் எண்ணெய்ப் பசையைக் கசிந்து, பக்கத்திலுள்ள கடினப் பிளாஸ்டிக்கையும் உருக்கிவிடும்; ஆகையால் இரண்டையும் ஒட்டி வைத்தலாகாது. ஈய வீரரை ஓக் மர அலமாரியில் வைத்தால், அம்மரத்தின் அமில ஆவி ஈயத்தை அரித்துச் சாம்பல்நிறத் தூளாக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஈயம் நஞ்சு. பிரிட்டன் நிறுவனம் 1966இல் ஈய வீரர்களை நிறுத்தியதற்குப் பிள்ளைகளின் உடல்நலம் பற்றிய கவலையும் காரணம். பழைய ஈயப் பொம்மையும் அதன் பழைய வண்ணப்பூச்சும் குழந்தையின் வாய்க்குச் செல்லும் வாய்ப்பே இருத்தல் கூடாது. அதனைக் கையாண்டபின் பெரியவரும் கை கழுவுதல் நன்று.

நான்காவது எச்சரிக்கை மனத்தைப் பற்றியது. திறக்கப்படாத பெட்டிக்கே சந்தையில் மிகுந்த விலை. அதாவது, எந்தக் குழந்தையும் தொடாத பொம்மையே விலைமதிப்புள்ளது! குழந்தைக்கென்று செய்யப்பட்ட பொருள், குழந்தை தொடாமையால் உயர்வு பெறுவது எவ்வளவு விந்தை! இந்நிலையில் சேகரிப்பவர் வணிகராகிவிடுவதும், வணிகர் பேராசைக்கு அடிமையாவதும் எளிது. மனைவி மக்களின் தேவைக்குரிய பணத்தைப் பூதப் பொம்மைக்குச் செலவிடுபவர் சேர்ப்பது செல்வமன்று.

இருவேறு சேகரிப்புகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். அமெரிக்கப் பதிப்பாளரும் செல்வருமான மால்கம் ஃபோர்ப்ஸ், மொராக்கோ நாட்டுத் தாஞ்சியர் நகர மாளிகையில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட பொம்மை வீரர்களைச் சேர்த்து அருங்காட்சியகம் அமைத்தார். 1990இல் அவர் மறைந்தபின் அது மூடப்பட்டு, தொகுப்பு ஏலத்தில் சிதறியது. ஆன் பிரவுன் என்னும் அம்மையாரோ, 1930இல் மணமுடித்து ஐரோப்பாவுக்குச் சென்றபோது பொம்மை வீரர்களை வாங்கத் தொடங்கினார். அவர்களின் உடை சரிதானா என்று அறியும் ஆவல் பிறந்தது. அதற்காக நூல்களையும் ஓவியங்களையும் தேடினார். தேடலே பெரும் புலமையாகி, போர்வரலாற்று ஓவியங்களின் மாபெரும் நூலகமாக வளர்ந்தது. அதனை அவர் பிரவுன் பல்கலைக்கழகத்துக்கு அளித்தார். ஏறத்தாழ 5,000 பொம்மை வீரர்களும் அங்கே மக்கள் காண வைக்கப்பட்டனர். பொருளைச் சேர்ப்பதோடு அறிவையும் சேர்த்து, அதனைப் பிறர்க்கும் ஈந்தால் சேகரிப்பு நிலைக்கும் என்பதை இவ்வம்மையாரின் வாழ்வு காட்டுகின்றது.

மணல் தட்டில் ஒரு மருந்து

வெல்ஸ் எழுதிய தரை விளையாட்டு நூல் மற்றொரு நற்பயனையும் தந்தது. இலண்டனைச் சேர்ந்த மார்கரெட் லோவன்ஃபெல்ட் என்னும் குழந்தை மருத்துவர் அதனைப் படித்திருந்தார். மனநலம் குன்றிய பிள்ளைகளுக்காக 1928இல் அவர் தொடங்கிய மருத்துவமனையில், சிறிய வீடுகள், மனித உருவங்கள், விலங்குகள், சிப்பாய்கள் முதலியவற்றை ஒரு பெட்டியில் நிரப்பி வைத்தார். மணல் பரப்பிய துத்தநாகத் தட்டும் அங்கே இருந்தது. யாரும் சொல்லிக்கொடாமலே பிள்ளைகள் பொம்மைகளை எடுத்து மணலில் அடுக்கினர். அதற்கு ‘உலகம்’ என்று தாமே பெயரும் இட்டனர். வாயால் சொல்ல இயலாத அச்சத்தையும் துயரத்தையும் அவ்வுலகில் காட்டினர். போர்க்களமாய்த் தொடங்கிய மணல்தட்டில் நாளடைவில் வீடுகளும் தோட்டங்களும் எழுவதுண்டு. ‘உலக முறை’ எனப் பெயர்பெற்ற அச்சிகிச்சையே பின்னாளில் சுவிட்சர்லாந்தின் டோரா கால்ஃப் வளர்த்த மணல் விளையாட்டுச் சிகிச்சைக்கு வித்தாயிற்று.

பெற்றோர் சிலர், “பூதமும் பறவைநாகமும் பிள்ளைகளை அச்சுறுத்தாவா?” என வினவுவர். அச்சம் பொம்மையால் வருவதன்று; குழந்தையின் உள்ளத்தில் அது முன்பே உண்டு. பறவைநாகத்தின் எதிரே ஈட்டியோடு ஒரு வீரன் நிற்கும்போதுதான், தீமையை எதிர்த்து நிற்க முடியும் என்று குழந்தை கண்ணால் காண்கின்றது. புனித ஜார்ஜியாரின் படத்தைக் கண்டு வளர்ந்த நமக்கு இது புதிய செய்தியன்று. பெற்றோர் அஞ்சவேண்டியது பறவைநாகத்திற்கன்று. ஒரு நாட்டின் பிள்ளைகள் கொடுங்கோலனின் பொம்மையை வீரனெனக் கொஞ்சிய அந்த 1930களை ஒத்த நிலைக்கே. பொம்மை எது என்பதைவிட, அதை வைத்துப் பிள்ளை சொல்லும் கதை எது என்பதையே நாம் செவிகொடுத்துக் கேட்கவேண்டும்.

சேகரிப்போர் தேடுவது பொம்மையையா, வேறொன்றையா என்று தொடக்கத்தில் கேட்டோம். நல்ல சேகரிப்பாளர், சிறுவர் எழுப்பிய உலகங்களின் தடயங்களைத் தேடுகின்றார். ஹாவொர்த்தின் வீரர்கள் மறைந்தும் கதைகள் எழுத்தில் நின்றன. ஆனால் எழுதப்படாத சிறுவர் உலகங்கள் எத்தனை! அவற்றின் எச்சமாய் இருப்பவை கீறல் விழுந்த தகரச் சுவரும், ஈட்டி ஒடிந்த வீரனும், பல்லால் கடித்த தடமுள்ள பூதமும்தாம்.

ஆகவே பரணையோ பழைய பெட்டியையோ ஒழுங்குசெய்யும் நாளில் பொம்மைகள் கண்ணில் பட்டால், உடனே குப்பையில் கொட்டிவிட வேண்டா. விலைபெறுமா என்று மட்டும் பார்த்து விற்றுவிடவும் வேண்டா. அவற்றோடு விளையாடியவர் வீட்டில் இருப்பாராயின் அழைத்துக் கேளுங்கள்: “இவனுக்கு என்ன பெயர்? இவன் எந்த நாட்டான்? இந்தக் கால் எப்போது ஒடிந்தது?” விடையை ஒரு தாளில் எழுதி, ஆண்டையும் குறித்து, பொம்மையோடு சேர்த்து வையுங்கள். சேகரிப்போரும் வரலாற்றாசிரியரும் பெரிதும் விரும்புவது அத்தகைய குறிப்பையே. வீட்டில் சிறுவர் இருந்தால், பூட்டி வைக்கும் விலையுயர்ந்த பெட்டியை அவர்களுக்கு வாங்க வேண்டுவதில்லை. ஒரு கைப்பிடி மலிந்த பொம்மைகளும், சிறிது மணலும், குறுக்கிடாத ஒரு மாலைப்பொழுதும் கொடுத்தாற் போதும். எஞ்சியதை அவர்களே செய்துகொள்வர்.